நெத்திலிக்கு ஜரிகை

கையில் மைக் கிடைத்தால் எவ்வளவு புத்தியுள்ள மனிதனுக்கும் அதில் பாதி ஸ்பீக்கர் வழியாக வெளியே போய்விடுகிறது. எனக்கு இருந்ததே பாதிதான். அன்றைக்கு அதுவும் போனது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ராயபுரத்தில் வீடு, திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கு அலுவலகத்தில் வேலை. எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏறியது என்று கம்ப்யூட்டரில் பதிவதுதான் உத்தியோகம். (வெளியில் சொல்லும்போது "ஏற்றுமதித் துறை" என்பேன்.) அதே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்த ஸ்டெல்லாவும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தோம். அவள் அம்மா எஸ்தர் முடிவு செய்யவில்லை. அவருக்கு நான் ஒருவன் இருப்பதே தெரியாது.

எஸ்தர் மேடம் மாநகராட்சியில் சுகாதார ஆய்வாளர். பொது இடத்தில் குப்பை போட்டால் நின்ற இடத்திலேயே அபராதம் என்று விதியை இறுக்கியிருந்த சமயம் அது. ரசீது அடிக்கும் குட்டி மெஷினோடு அவர் தெருவில் இறங்கினால், டீ குடித்து முடித்தவர்கள் காகிதக் கப்பை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்களாம். "அம்மாவுக்குக் குப்பை போடறவங்களக் கண்டா ஆகாது. பொய் சொல்றவங்களக் கண்டா சுத்தமா ஆகாது" என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். நான் முதல் பாதியை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு திட்டம் போட்டேன்.

பங்குக் கோயில் இளைஞர்களைத் திரட்டிக் கடற்கரையைச் சுத்தம் செய்வது. நிறைவு விழாவுக்கு எஸ்தர் மேடத்தைச் சிறப்பு விருந்தினராக அழைப்பது. என் பொறுப்புணர்ச்சியைக் கண்டு அவர் மலைத்து நிற்கும்போது ஸ்டெல்லா மெல்ல வந்து, "அம்மா, இவர்தான்" என்று சொல்வது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்.

இடம், எண்ணூர் போகும் சாலையை ஒட்டிய ஒரு குப்பம். அலைக்குப் பயந்து கல்லைக் கொட்டிவைத்த கரைக்கு நடுவே, கொஞ்சம் மணல் மிச்சமிருந்த இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு போய் இறங்கினோம். உண்மையைச் சொல்ல வேண்டும், பையன்களும் பெண்களும் நன்றாகவே உழைத்தார்கள். அறுந்த வலை, ஒற்றைச் செருப்புகள், பால் கவர், யாரோ தூக்கிப்போட்ட டிவியின் பின்பக்கம் என்று மூட்டை மூட்டையாக வாரினார்கள். மாநகராட்சி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. மணல் நிஜமாகவே மணல் மாதிரி தெரிந்தது. அத்தோடு கைகழுவிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

ஆனால் விழா என்று ஒன்றை வைத்திருந்தேனே.

மேடை. மேடைக்குப் பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ். பங்குத் திருவிழாவுக்குக்கூட அந்த அளவில் வைத்ததில்லை. அதில் கடலின் படம் சின்னதாகவும் என் படம் பெரிதாகவும் இருந்தது. கூலிங் கிளாஸ் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தூரத்தில் இருக்கும் இந்தியாவின் எதிர்காலத்தைப் பார்ப்பதுபோல நின்றிருந்தேன். கீழே "ஒருங்கிணைப்பாளர்" என்று போட்டிருந்தது. வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில், கவர் மோர், பிளாஸ்டிக் டப்பாவில் பிரியாணி. பளபளக்கும் தாளில் சுற்றிய பூங்கொத்து. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கல்யாண மேடைகளில் பார்த்திருப்பீர்களே, திருகினால் வெடித்து ஜிகினாத் துண்டுகளை வானத்துக்கு வாரியிறைக்கும் குழாய், அதில் நான்கு. குப்பை பொறுக்கும் விழாவுக்கு ஜிகினாக் குழாய் எதற்கு என்று ஒரு ஆள்கூட என்னைக் கேட்கவில்லை. கேட்க விட்டால்தானே.

எஸ்தர் மேடம் வந்தார். காட்டன் புடவை, தோளில் ஆபீஸ் பை. முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கரையை ஒருமுறை பார்த்தார். முகத்தில் லேசாகத் திருப்தி தெரிந்தது. எனக்கு அது போதவில்லை. மைக்கைப் பிடித்தேன். குப்பை போடுகிறவர்களுக்கு அபராதம் மட்டும் போதாது என்றேன். அவமானம் வேண்டும் என்றேன். "யார் குப்பை போட்டாலும் அவர்கள் பெயரை ஊருக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் சொல்ல வேண்டும். அப்போதுதான் திருந்துவார்கள்" என்று முழங்கிவிட்டு, கையை உயர்த்தி சைகை காட்டினேன்.

நான்கு குழாயும் ஒன்றாக வெடித்தன.

அந்த நேரத்துக்குத்தான் அந்தக் கரையில் கடற்காற்று எழும்பும். கடலோரத்தில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். நானும் ராயபுரத்தில் பிறந்தவன்தான். தங்கமும் வெள்ளியுமாக மேலே போன ஜிகினா ஒரு கணம் வானத்தில் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அது ஒரு கொசுக்கூட்டம்போலத் திரும்பி, எங்கள் தலைக்கு மேலே பறந்து, மேடைக்குப் பின்னால் போய் இறங்கியது. அங்கே பழைய வலைகளை விரித்து நெத்திலி காயப் போட்டிருந்தார்கள். பாதி காய்ந்த நெத்திலி பிசுபிசுவென்று இருக்கும். விழுந்த ஜிகினா ஒன்றுகூட நழுவவில்லை.

கைதட்டல் அடங்கியபோது ஒரு பெண் எழுந்து வந்தாள். பாக்கியம் அக்கா என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கருவாடு போட்டுப் பிழைப்பவள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கை நிறைய நெத்திலியை அள்ளிக்கொண்டு வந்து மேடையின் ஓரத்தில் வைத்தாள்.

"இன்னா நைனா இது, நெத்திலிக்கு ஜரிகை வெச்சுக்கீறீங்க? சாய்ங்காலம் யேவாரி வந்துருவான். இத்த எவன் வாங்குவான், எவன் துன்னுவான்?"

எஸ்தர் மேடம் எழுந்து வந்தார். மீனைப் பார்த்தார். வலைப் பக்கம் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: "இங்க யாருப்பா பொறுப்பு?"

காலையிலிருந்து அந்தப் பொறுப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் இருந்தவன் நான். மைக்கை இன்னொரு பையன் கேட்டபோது முறைத்தவன் நான். இப்போது என் கழுத்து தானாகத் திரும்பி எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தது. வாய் சொன்னது:

"தெரியலையே மேடம். இங்கதான் எங்கயாவது இருப்பாரு."

மைக் என் கையில்தான் இருந்தது. அணைக்கவில்லை. நான் சொன்னது இரண்டு ஸ்பீக்கரிலும் போய், குப்பத்துச் சுவர்களில் முட்டி, "இருப்பாரு… இருப்பாரு" என்று திரும்பி வந்தது. என் முதுகுக்குப் பின்னால் என்னைவிடப் பெரிய நான், கூலிங் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தேன்.

மேடம் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஃப்ளெக்ஸைப் பார்த்தார்.

"போட்டோவுல கொஞ்சம் செவப்பா கீற. அதான் அடையாளம் தெரியல" என்றார்.

குப்பமே சிரித்தது. கடைசி வரிசையில் நின்றிருந்த ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். மேடம் பையிலிருந்து மெஷினை எடுத்து என் பெயரைக் கேட்டார். "சேவியர்" என்றேன். அதுவும் ஊருக்கே கேட்டது. இன்ஷியலைக் கேட்டார். அதுவும் கேட்டது. இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சற்று முன்னால் நானே சொல்லியிருந்தபடியால் ஆட்சேபிக்க வழியில்லை. அப்புறம்தான் சவுண்டு செட்காரர் இரக்கப்பட்டு வயரைப் பிடுங்கினார்.

பிரியாணி டப்பாவோடு என் படை கரைந்துபோனது. நான் பாக்கியம் அக்காவிடம் போய், மொத்தத்தையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "துட்டக் குட்த்துட்டு நீ பூடுவ. எனுக்கு மீனு வோணும். குந்து, பொறுக்கு" என்றாள். உட்கார்ந்தேன். நெத்திலி எவ்வளவு சின்ன மீன் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நகத்தால் ஜிகினாவைக் கிள்ளினால் தோலும் சேர்ந்து வந்தது. வெயில் உச்சிக்கு வந்தது. ஸ்டெல்லா வந்து எதிரே உட்கார்ந்து அவளும் பொறுக்க ஆரம்பித்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "பயந்துட்டேன் ஸ்டெல்லா" என்றேன். "பேசாம பொறுக்கு" என்றாள். அதுவும் ஒரு வார்த்தைதான் என்று அப்போது ஆறுதலாக இருந்தது.

பாதிக்குமேல் தேறவில்லை. தேறாததை பாக்கியம் அக்கா ஒரு சாக்கில் அள்ளிக் கட்டி என் முன்னால் வைத்தாள். "நீதான குப்பைக்கு ஆபீசரு. இத்த எங்க கொட்றதுன்னு சொல்லு" என்றாள். அதில் கிண்டல் இல்லை. கடலுக்குப் போய்ப் பிடித்து, உப்பு போட்டு, காயவைத்த சாப்பாட்டை எங்கே கொட்டுவது என்று நிஜமாகவே கேட்டாள். சாக்கை வண்டியின் முன்னால் வைத்து எடுத்துக்கொண்டு போய் மாநகராட்சித் தொட்டியில் போட்டேன். காலையில் எங்கள் மூட்டைகள் போன அதே கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குத்தான் அதுவும் போய்ச் சேர்ந்திருக்கும். வழியெல்லாம் சிக்னலில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது தேவைதான் என்று தோன்றியது.

சில மாதங்கள் கழித்து ஸ்டெல்லா வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனேன். போவதற்கு முன்னால் என்ன சொல்வதென்று பக்கம் பக்கமாக யோசித்து வைத்திருந்தேன். எஸ்தர் மேடம் கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "மேடம், அன்னிக்குப் பொறுப்பு நான்தான்" என்றேன்.

"தெரியும். படம் போட்டிருந்துதே" என்றார். கொஞ்ச நேரம் என்னை வாசலிலேயே நிறுத்திவைத்தார். "எனக்கு உன்னைப் புடிக்கல. பொண்ணு அடம் புடிக்கிறா. உள்ள வந்து குந்து."

கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் மோதிரத்தைக் காணோம் என்று ஃபாதர் தேடினார். மாப்பிள்ளைத் தோழன் பாக்கெட் பாக்கெட்டாகத் துழாவினான். முன் பெஞ்சிலிருந்து என் மாமியார் ரொம்ப மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "இங்கதான் எங்கயாவது இருப்பாரு" என்றார். அந்த வார்த்தை அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான். எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், குழாயை மூடாமல் விட்டிருந்தாலும், யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. யாராவது ஒருவர் இதைச் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்கள் சொல்லும் கதை ஃப்ளெக்ஸோடு முடிந்துவிடும். நெத்திலிச் சாக்கு அதில் வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர் பஸ்ஸில் மச்சினி வீட்டுக்குப் போகும்போது அந்தக் குப்பம் வலப்பக்கம் வரும். வெயில் காலமென்றால் வலை விரித்திருப்பார்கள். நான் தலையை இடப்பக்கம் திருப்பிக்கொள்வேன். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை, வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள்தான். அவற்றை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு போவேன். பக்கத்து சீட்டில் ஸ்டெல்லா, யாரையும் பார்க்காமல், யாருக்கோ சொல்வதுபோல, "இங்கதான் எங்கயாவது இருப்பாரு" என்பாள்.