கினிப்பன்றியின் குடைமிளகாய்

இனிமேல் தானாகப் போட்டுக்கொண்டு சாப்பிடுவதில்லை என்று டைம்கீப்பர் முடிவெடுத்தார். பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று முப்பது வருஷமாக எழுதுகிற மனுஷன். அவர் சாப்பிட்டாரா இல்லையா என்று கவனிக்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

எல்லாம் மகள் வெளியூர் வேலைக்குப் போகும்போது தலையில் கட்டிவிட்டுப் போன இரண்டு முயல்களாலும் ஒரு கினிப்பன்றியாலும் வந்த வினை. மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. எதையும் கிராம் கணக்கில்தான் பார்ப்பாள். கூண்டில் எந்நேரமும் காய்ந்த புல் நிறைந்திருக்க வேண்டும். கீரையைக் கழுவி, ஈரம் உதறி வைக்க வேண்டும். காரட் சுண்டுவிரல் அளவு, அதுவும் எப்போதாவது. கினிப்பன்றிக்கு வைட்டமின் சி தானாக உடம்பில் ஊறாதாம், அதனால் அந்தத் துரைக்குத் தினமும் குடைமிளகாய். பிஸ்கட்டைக் கண்ணில்கூடக் காட்டக் கூடாது.

"இதுங்க ஒரு வேளை சாப்பிடலைன்னாலும் டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணுங்க."

"நான் சாப்பிடலைன்னா?"

"மூடி வெச்சிருக்கேன், போட்டுக்குங்க."

சுருக்கென்று தைத்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். பட்டினி கிடந்தால் பதறுவாளா மாட்டாளா, அதையும் பார்த்துவிடலாம்.

சனிக்கிழமை காலையில் தட்டைத் தொடவில்லை. மதியமும் தொடவில்லை. அவள் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சாப்பாட்டை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். சாயங்காலம் அவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அடுப்படியில் கை வைத்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும். மெதுவாகக் கூண்டுப் பக்கம் நகர்ந்தார். முயலா கோள் சொல்லப் போகிறது? முதலில் குடைமிளகாய். அப்புறம் கொத்தமல்லி. கினிப்பன்றி கீச்சுக் கீச்சென்று கத்தியது.

"கத்து, நல்லா கத்து. நீ கத்தினா ஓடி வர ஆள் இருக்கு."

ஞாயிறு காலையும் பட்டினிதான், கூண்டில் இருந்த காரட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால். பத்து மணிக்கு மனைவி வந்து நின்றாள்.

"சட்டையைப் போடுங்க. டாக்டர்கிட்ட போகணும்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவளைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. லேசா மயக்கம், அவ்வளவுதான்."

"கூடையைப் பிடிங்க. ஆட்டாம கொண்டு வாங்க."

கூடைக்குள் கினிப்பன்றி.

கால்நடை டாக்டர் அதைத் தராசில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "போன தடவையை விட முப்பது கிராம் குறைஞ்சிருக்கே. ஒழுங்கா சாப்பிடுதா?"

"வெச்சதெல்லாம் காலியாகுது, டாக்டர்."

"வீட்டுல வேற ஏதாவது வளர்க்கிறீங்களா? அது பிடுங்கித் தின்னுதோ என்னவோ."

மனைவி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஒண்ணு இருக்கு, டாக்டர். நேத்து ரெண்டு வேளையா அது சாப்பிடல. கடையில வேலையே ஓடல எனக்கு, மாத்திரையை மாத்திக் கொடுத்துடுவேனோன்னு பயந்துட்டேன். பாதியில லீவு சொல்லிட்டு ஓடி வந்து கூண்டைப் பார்த்தா, கொத்தமல்லியில இலையை மட்டும் தின்னுட்டு காம்பைக் கிள்ளி ஓரமா வெச்சிருக்கு. அப்புறம்தான் உயிரே வந்துச்சு. அதுக்கு ஒண்ணும் இல்ல, டாக்டர். நீங்க இதை மட்டும் பாருங்க."