இருநூற்று நாற்பது வோல்ட்டில் ஒரு பிரிவு உபசாரம்

“சார் மறுபடியும் மூடிட்டாரு மாப்ள” என்றான் நசீம், கேமராவின் பின்பக்கத் திரையை எட்டிப் பார்த்து.

புகழேந்தி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். திரையில் கண்காணிப்பாளர் பூமிநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, முகத்தில் நல்ல களை. கண்கள் மட்டும் இறுக்கமாக மூடியிருந்தன. காலையிலிருந்து எடுத்த எல்லாப் படங்களுக்கும் இதே கதிதான்.

“ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்லித்தானே சார் எடுத்தேன்?”

“சொன்னீங்க தம்பி. கேட்டுது” என்றார் பூமிநாதன். “விடுங்க. கண்ணு தொறந்திருந்தா என்ன, மூடியிருந்தா என்ன? ஆளு நான்தானே?”

அப்படி விட்டுவிட முடியாது. காரைக்காலில் இருக்கும் அந்த அரசு அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் துறை என்பது நமக்கு வேண்டாம். ஓய்வு பெறுகிறவரைக் கடைசி நாளன்று நடுவில் உட்கார வைத்து, மற்றவர்கள் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அது சுவரில் ஏறும். ஏறினால் பிறகு இறங்காது. அந்தச் சுவரில் பூமிநாதன் ஏற்கெனவே பலருடைய படங்களில் ஓரமாக நிற்கிறார். எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். ஆதார் எடுக்கப் போன இடத்தில் இவர் கண்ணைத் திறக்க வைப்பதற்குள் அங்கிருந்த பெண்ணுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டதாம். அதிலும் பாதிக் கண்தான் தெரியும்.

ஒருமுறை புதுச்சேரியிலிருந்து ஆய்வுக்கு வந்த மேலதிகாரி சுவரைப் பார்த்துவிட்டு, “யாரு இவரு, எல்லாத்துலயும் தூங்குறாரு?” என்று கேட்டார். பூமிநாதன் பக்கத்திலேயே நின்றிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். பூமிநாதனும் சிரித்து வைத்தார். புகழேந்தி மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. புகழேந்தியை ஒரு சமயம் யானத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். ஆந்திராவுக்குள் கிடந்தாலும் அதுவும் புதுச்சேரி அரசின் ஊர்தான், போகமாட்டேன் என்று சொல்ல முடியாது. காரைக்கால் கோவில்பத்து வீட்டில் மனைவி ஓவியா நிறைமாதமாக இருந்தாள். பூமிநாதன் யார் காலைப் பிடித்தாரோ, எத்தனை முறை புதுச்சேரிக்குப் பஸ் ஏறினாரோ தெரியாது. பிரசவத்துக்கு முன்னால் காரைக்காலுக்கே திரும்ப மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மனிதர் தூங்குமூஞ்சியாகச் சுவரில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு மிச்ச சர்வீஸைக் கழிக்கப் புகழேந்தியால் ஆகாது. கண் திறந்த ஒரே ஒரு படம். அதை எடுக்காமல் இன்று அவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று முடிவு கட்டியிருந்தான்.

கேமரா ஓவியாவின் தம்பியுடையது. துபாய் திரும்பும்போது அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். காலையில் அதை எடுத்துக் கொடுக்கும்போதே ஓவியா சொல்லியிருந்தாள்: “இதுக்கு எதாவது ஆச்சுன்னா என் தம்பி கல்யாணத்துக்கு நான் மட்டும்தான் போவேன். ஒங்களுக்கு அங்க எல இல்ல.”

பூமிநாதனின் கண் மூடும் நோய் என்னவென்று புகழேந்தி யூடியூபில் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தான்.

“இந்தக் கேமரா பிளாஷ் ஒரு தடவ வெட்டுறதில்ல மாப்ள, ரெண்டு தடவ வெட்டுது. மொதல்ல சின்னதா ஒரு வெளிச்சம் அடிச்சு அளவு பாக்கும். அப்பறந்தான் நெஜ வெளிச்சம். நமக்கு ஒண்ணு மாதிரிதான் தெரியும். கண்ணு சுருக்கா மூடுறவங்க மொத வெளிச்சத்துக்கே மூடிருவாங்க. படம் விழறப்ப மூடுன கண்ணுதான் இருக்கும்.”

“அப்ப பிளாஷ் இல்லாம எடேன்.”

எடுத்தான். கார்த்திகை மழை வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அலமாரிகள் மறைத்ததுபோக மிஞ்சிய வெளிச்சத்தில் பூமிநாதன் புகைமூட்டமாக விழுந்தார். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது இருக்கட்டும், கண் இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது.

நசீம் தொடையைத் தட்டினான். “எங்க வாப்பா சிங்கப்பூர்லேந்து கொண்டாந்த பிளாஷ் பீரோவுல கெடக்குது. பழசு. அளவு கிளவெல்லாம் பாக்காது. ஒரே வெட்டுத்தான்!”

சாப்பாட்டு வேளையில் மழையில் நனைந்துகொண்டே போய்க் கொண்டுவந்தான். செங்கல் கனம். பேட்டரி போட்டதும் உய்யென்று ஒரு சத்தம் மெல்லிசாகக் கிளம்பி, சிவப்பு விளக்கு எரிந்தது. நசீம் அதைக் கேமராவின் தலையில் மாட்டப் போனான்.

“தொடாத!” என்று புகழேந்தி போட்ட கூச்சலில் அடுத்த அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“என்னடா?”

“பழைய பிளாஷ் அடியில வோல்ட்டு நெறைய இருக்கும். அந்தக் காலத்துக் கேமரா தாங்கும். இது தாங்காது. உள்ள இருக்குற சர்க்யூட் போயிரும்.”

“பேட்டரி ஆறு வோல்ட்டுடா. அதுலேந்து என்ன பெருசா வந்துரப் போவுது?”

மின்பணியாளரின் மேசையிலிருந்து மீட்டர் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்த பிறகு, பிளாஷின் அடியில் நடுவிலிருந்த குமிழில் ஒரு கம்பியையும் ஓரத்து உலோகத்தில் இன்னொன்றையும் புகழேந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தான். மீட்டரில் எண் ஏறியது. நூறைத் தாண்டியது. இருநூற்று நாற்பதில் நின்றது.

நசீம் மீட்டரைத் தட்டிப் பார்த்தான். எண் இறங்கவில்லை.

“வாப்பா கொண்டாந்தது பிளாஷ் இல்ல மாப்ள. கரெண்டுக் கம்பம்” என்றான் புகழேந்தி.

குடும்ப கௌரவத்தில் கை வைத்துவிட்டான் என்று நசீமுக்குக் கோபம். “வோல்ட்டுத்தானே அதிகம்? கொறச்சுட்டாப் போச்சு” என்று பேட்டரியைக் கழற்றி வீசினான். ஸ்க்ரூவைத் திருகி மூடியைத் திறந்தான்.

“வேணாண்டா. பேட்டரிய எடுத்தாலும் உள்ள கரெண்டு நிக்கும்.”

“பேட்டரியே இல்ல, கரெண்டு எங்கேந்து...”

வாக்கியம் முடியவில்லை. “யா அல்லாஹ்!” என்ற அலறல் மட்டும் கேட்டது. நசீமின் கை தானாக மேலே போனது. போகிற வழியில் அலுவலக உதவியாளர் மாரிக்கண்ணு கொண்டுவந்த டீத் தட்டைத் தட்டிவிட்டது. டீ முழுக்க, மாலையில் பூமிநாதனுக்குப் போர்த்த வாங்கி வைத்திருந்த பொன்னாடை மேல் கொட்டியது.

பொன்னாடையை அலசி மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டித் தொங்கவிட்டார்கள். நசீம் விரலை உதறிக்கொண்டே மூடியைத் திரும்பப் பூட்டினான். வாப்பாவைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று புகழேந்தி சத்தியம் செய்து கொடுத்தான்.

நாலு மணிக்கு பூமிநாதனின் மனைவி தாமரைச்செல்வி ஆட்டோவில் வந்து இறங்கினார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத அம்மாள். மாலையையும் மைக்கையும் பார்த்து மிரண்டு, கணவர் பக்கத்து நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

அப்போதுதான் புகழேந்திக்கு வழி தெரிந்தது. பிளாஷைக் கேமராவில் மாட்டினால்தானே ஆபத்து? மாட்டவே வேண்டாமே! கதவு ஜன்னலை அடைத்துக் கூடத்தை இருட்டாக்கிவிடுவது. கேமராவை மேசையில் வைத்து ஷட்டரைச் சில விநாடி திறந்தபடியே விடுவது. இருட்டில் ஒன்றும் பதியாது. எட்ட நின்று ஒருவர் பிளாஷிலேயே இருக்கும் பொத்தானை அமுக்கினால், அந்த ஒரு வெட்டில் தெரிவதுதான் படம். கேமராவுக்கும் பிளாஷுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருநூற்று நாற்பது வோல்ட் நசீமின் கையோடு நின்றுவிடும் என்று விளக்கினான்.

“என் கையோடயா?” என்றான் நசீம்.

“பொத்தான் பிளாஸ்டிக்குடா. ஒண்ணும் பண்ணாது.”

இருந்தாலும் அவன் பிளாஷைத் துண்டில் சுற்றித்தான் பிடித்தான். ஜன்னல் இடுக்குகளைப் பழைய பேனர்களால் அடைத்தார்கள். மாரிக்கண்ணு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஓடிவந்து வரிசையில் நின்றார். விளக்கோடு மின்விசிறியும் நின்றது. பொன்னாடை காயாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

“ரெடி!” என்று புகழேந்தி கத்தினான். பளீரென்று வெட்டியது.

திரையில் எல்லாரும் துல்லியமாக விழுந்திருந்தார்கள். இருட்டை நம்பி வாயில் முழு ஜாங்கிரியைத் திணித்துக்கொண்டிருந்த மாரிக்கண்ணுவும் விழுந்திருந்தார். நடுவில் பூமிநாதன், கண்ணை மூடிக்கொண்டு.

புகழேந்தி இடிந்துபோய் உட்கார்ந்தான். பழைய பிளாஷ் முன்கூட்டிச் சொல்லாது. சரி, நான் சொல்கிறேனே! ‘ரெடி’ என்றதும் அவருக்குக் கண் மூடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

“தம்பி, போதுமே” என்றார் பூமிநாதன். அவர் குரலில் முதல் முறையாகக் கொஞ்சம் கலக்கம் இருந்தது. “நீங்க படுற பாட்டப் பாத்தா எனக்குக் கஷ்டமா இருக்கு.”

“கடைசியா ஒண்ணு சார். எனக்காக.”

அந்தச் சொல்லுக்கு அவர் கட்டுப்பட்டார். மறுபடி இருட்டானது. இந்த முறை புகழேந்தி வாயைத் திறக்கவில்லை. சத்தம் போடாமல் ஷட்டரைத் திறந்துவிட்டு நசீமின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள்.

“என்ன தம்பி, எடுத்தாச்சா?” என்று பூமிநாதன் கேட்டார்.

புகழேந்தி நசீமின் முழங்கையைக் கிள்ளினான்.

விளக்கு வந்ததும் எல்லாரும் திரையை மொய்த்தார்கள். படத்தில் பூமிநாதன் இரண்டு கண்களையும் அகலத் திறந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய கண்கள் அவருக்கு இருப்பதே அலுவலகத்துக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் தாமரைச்செல்வி அம்மாள் கண்ணை மூடியிருந்தார். அதனால் என்ன, ஓய்வு பெறுவது அவரில்லையே. புகழேந்தி நசீமைக் கட்டிக்கொண்டான். யானத்திலிருந்து திரும்பும் உத்தரவு கையில் கிடைத்த நாளுக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷம் புகழேந்திக்கு இன்றைக்குத்தான்.

படத்தை பூமிநாதனிடம் காட்டவில்லை. பேச்சுகள் நடந்துகொண்டிருக்கும்போதே நசீம் பக்கத்து ஸ்டுடியோவுக்கு ஓடிப் பெரிதாகப் போட்டு, சட்டமிட்டு, வண்ணக் காகிதம் சுற்றிக் கொண்டுவந்துவிட்டான். சுவருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. ஈரப் பொன்னாடை தோளில் ஏறியபோது பூமிநாதன் லேசாக நடுங்கினார். டீ மணத்தது. பிறகு புகழேந்தி மேடையேறி, காகிதத்தைத் தானே பிரித்து, படத்தைக் கூட்டத்துக்குக் காட்டி, அவர் கையில் கொடுத்தான். கைதட்டல் அடங்கவே இல்லை.

பூமிநாதன் படத்தைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றியது. பொன்னாடை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெகிழ்ந்துவிட்டார் என்று புகழேந்தி நினைத்தான். அவனுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவர் நன்றி சொல்லவில்லை. படத்தை அவசரமாகக் கவிழ்த்து, ஈரப் பொன்னாடைக்குள் செருகப் பார்த்தார்.

“குடுங்க, பாப்போம்” என்று தாமரைச்செல்வி கை நீட்டினார்.

“வீட்டுல போய்ப் பாத்துக்கலாம்மா.”

“எல்லாரும் பாத்தாச்சு. எனக்கு மட்டும் என்னவாம்?”

வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். கைதட்டல் ஓய்ந்துவிட்டிருந்ததால் அவர் மெதுவாகச் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

“கல்யாணப் படத்துல நான் மட்டும் கண்ண மூடிட்டேன்னு ஒங்க வீடே சிரிச்சப்ப, ‘இனிமே எந்தப் படத்துலயும் ஒன்னயத் தனியா மூட விடமாட்டேன்’னு சொல்லி, இத்தன வருஷமா எனக்காக மூடிக்கிட்டு இருந்தீங்களே, இன்னக்கி மட்டும் என்னய விட்டுட்டு ஏங்க முழிச்சீங்க?”