நுணுக்குக்காட்டி வந்த வழி

"உந்த நுணுக்குக்காட்டியை ஆர் தந்தது எண்டு கோர்ட்டில சொல்லத்தான் வேணும், அங்கிள்," என்றாள் லோயர் ரதி.

"சொல்லமாட்டன்," என்றார் அமிர்தநாதர்.

உருளைக்கிழங்கு ஏன் அழுகுகிறது என்று கனடா அரசாங்கத்தின் பணத்தில் ஆராய்கிற விஞ்ஞானி அவர். வெளிநாட்டு உதவி எதுவும் இல்லை என்று கையெழுத்தும் வைத்திருந்தார். ஆனால் ஆய்வுகூடத்தில் அவருடைய மேசைமேல் இருந்ததோ, கிருமிகளைப் பெரிதாக்கிக் காட்டும், புதுக் கார் விலையில் ஒரு ஜெர்மன் நுணுக்குக்காட்டி.

முதலில் தானே வாங்கியதாகச் சொன்னார். பற்றுச்சீட்டைக் கேட்டார்கள். பிறகு ஒரு நண்பர் தந்ததாகச் சொன்னார். நண்பரின் பெயரைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு வாயையே திறக்கவில்லை. வெளிநாட்டு உதவியை மறைத்தார் என்று வழக்குப் போட்டுவிட்டார்கள். தோற்றால் வேலை போகும், மறியலில் கம்பி எண்ணவும் நேரலாம்.

உண்மை இதுதான். கிளடிஸைக் கைப்பிடித்த மறுமாதம், அவளுடைய தம்பி றோய் ஜெர்மனியிலிருந்து அதை அனுப்பியிருந்தான். அமிர்தநாதரோ தான் குடியிருக்கும் மல்வேர்ன் பகுதியின் சீதன ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவர். "ஒரு சதமும் வாங்கேல்லை!" என்று கல்யாண மேடையிலேயே மைக்கில் முழங்கியவர். ஏன் அனுப்பினாய் என்று கேட்டால் சீதனம் என்று பதில் வந்துவிடும். கேட்காதவரை அது வெறும் நுணுக்குக்காட்டி. ஆகவே கேட்கவில்லை. திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை.

பதிலுக்கு றோய்க்குத் தன் ஆராய்ச்சியைப் பற்றி மாதாமாதம் கடிதம் எழுதினார். "கிழங்கு இப்ப எந்தளவில நிக்குது, அத்தான்?" என்று அவனும் விடாமல் விசாரிப்பான். பயிர் மருந்துக் கொம்பனியில் பெட்டி அடுக்குகிறவனுக்கு இவ்வளவு அறிவுத் தாகமா என்று இவர் உருகிப்போவார்.

"இஞ்சேருங்கோ, மறியலுக்குப் போறதிலும் பாக்க மானம் போறது பரவாயில்லை," என்றாள் கிளடிஸ்.

"எனக்கு மானம்தான் பெரிசு!"

நல்ல மனிதர் என்று சொல்ல நாலு பேர் வேண்டும் என்றாள் ரதி. அமிர்தநாதர் சங்கத்தையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். நீதிமன்றத்தின் முன்வரிசை முழுக்கச் சீதனத்தின் பரம விரோதிகள்.

"ஐயோ அங்கிள், இவையளை வைச்சுக்கொண்டு எப்பிடிச் சொல்லப்போறியள்?"

"அதுதான் சொல்லமாட்டன் எண்டனே!"

ஆனால் அரச வழக்கறிஞர் எழுந்து, எந்த வெளிநாட்டுக் கொம்பனிக்காகத் திருட்டுத்தனமாக வேலை செய்தீர் என்று கேட்டார். அமிர்தநாதருக்கு நெஞ்சு கொதித்தது. சீதனம் வாங்கியவன் என்ற பெயரைக்கூடத் தாங்கலாம். சோறு போட்ட நாட்டை ஏமாற்றியவன் என்ற பெயரை எப்படித் தாங்குவது? கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"சீதனம்! அது சீதனம்!" என்று கத்தினார்.

முன்வரிசை மொத்தமாக எழுந்து வெளியே போனது. திரும்பிப் போக அவருக்குப் பஸ்ஸில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனது.

சீதனம் என்றால் என்னவென்று நீதிபதிக்கு விளக்குவதற்குள் ரதிக்குத் தொண்டை கட்டிவிட்டது. நீதிபதி தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு, இது குடும்ப விவகாரம் என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் அமிர்தநாதர் ஜெர்மனிக்கு ஃபோன் எடுத்தார்.

"றோய், இனி ஒளிக்க ஒண்டுமில்லை. எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கொண்டிட்டன். நீ தந்த சீதனத்துக்கு நன்றி."

"சீதனமோ? என்ன அத்தான் விசர்க்கதை! நாங்கள் ஒரு சதமும் தரேல்லை. அது எங்கட கொம்பனி தந்தது. நீங்கள் எழுதின கடிதமெல்லாத்தையும் மாதாமாதம் அவையிட்டத்தானே குடுத்தனான்!"