பஸ் ஏறாத கண்டக்டர் காதுகுத்துக்கு வர முடியாத காரணம்

பெரம்பலூர்
14-3-1985, வியாழன்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சாமிதுரை அவர்களுக்கு, உங்கள் மச்சான் தர்மன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் மலர்க்கொடியும் வெள்ளாடுகள் இரண்டும் சுகமாக இருக்கிறோம். அங்கு தாங்களும் தங்கச்சி குஞ்சம்மாளும் குழந்தையும் சுகம் என்பதைக் காதுகுத்துப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் தாராளமாக அப்பியிருந்த மஞ்சளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

நிற்க. வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் குழந்தைக்குக் காது குத்துவதாகவும், தாய்மாமன் நான் வந்து மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். மெத்த சந்தோஷம். ஆனால் மாப்பிள்ளை, மடி இங்கே இருக்கிறது, கோயில் அங்கே இருக்கிறது, நடுவில் பஸ் இருக்கிறது. ஆகையால் உங்கள் அரியலூரிலேயே இருக்கிற என் தம்பி ராசாங்கத்தின் மடியில் குழந்தையை வைத்து விசேஷத்தை நடத்திவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அவன் மடி கொஞ்சம் ஒல்லி. ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டால் சரியாகிவிடும்.

பதினெட்டு வருஷம் கண்டக்டராக இருந்தவனுக்குப் பஸ்ஸைக் கண்டால் என்ன பயம் என்று நீங்கள் கேட்பீர்கள். எட்டு மாசமாக நான் மெடிக்கல் லீவில் இருப்பது உங்களுக்குத் தெரியும், காரணம் தெரியாது. செய்வினை என்கிறாள் எதிர்வீட்டுக்காரி. வேலைக்குக் கள்ளம் என்கிறார்கள் டெப்போவில். கொழுப்பு என்கிறாள் மலர்க்கொடி. இந்த மூன்றையும் டீக்கடையில் உட்கார்ந்து பரப்பியதே நான்தான், நாலாவதாக ஒரு காரணத்தை யாரும் தேடிவிடக் கூடாதே என்று. டாக்டரிடம் மட்டும் தலைசுத்தல் என்றேன். அவர் கண்ணை விரித்துப் பார்த்தார், காதுக்குள் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. "புதன்கிழமை பின்பக்க ரூமுக்குப் போங்க, பேசிப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்குப் பேசச் சொல்லி மருந்துச்சீட்டு! மலர்க்கொடி அன்று முழுக்கச் சிரித்தாள்.

அந்த ரூமில் திருச்சிக் காலேஜில் மனோதத்துவம் படிக்கிற பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மேற்பார்வையாக ஒரு மேடம். மேடம் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்கள்: "இவங்க இன்னும் படிக்கிற பிள்ளைங்க. என்ன பேசினாங்க, என்ன செஞ்சாங்கன்னு நான் ஒவ்வொண்ணையும் பாத்துக்குவேன். சம்மதமில்லன்னா இப்பவே சொல்லிடுங்க, தப்பா நினைக்க மாட்டோம். நீங்க சொல்றது நம்ம மூணு பேரைத் தாண்டாது." மூணு பேரைத் தாண்டாதா! என் வாயை விட்டுப் புறப்பட்ட சேதி எதுவும் இதுவரை முப்பது பேருக்குக் கம்மியாக நின்றதில்லை. அந்த அதிசயத்தைப் பார்க்கவாவது சம்மதம் என்றேன்.

எனக்கு வாய்த்தது ஜெயலட்சுமி என்று ஒரு பொண்ணு. இருபத்திரண்டு வயசு இருக்கும், நோட்டைத் தலைகீழாப் பிடிச்சிருக்கு. எனக்கு இது ஒண்ணும் புதுசாத் தெரியலை மாப்பிள்ளை. புதுக் கண்டக்டரைச் சீனியர் கூட லைனுக்கு அனுப்பறதில்லையா, அதே கதைதான். நான் ஏதாவது சொல்லுவேன். "ஒரு நிமிஷம் சார், மேடத்தைக் கேட்டுட்டு வந்துடறேன்"னு எந்திரிச்சு ஓடும். வந்து ஒரு கேள்வி. மறுபடி ஓட்டம். முதல் நாள் முடியறப்போ நான் உக்காந்த எடத்துலயே இருந்தேன், அந்தப் பொண்ணு துறையூர் தூரம் நடந்திருக்கும்.

மூணாவது வாரம் வெளியில பெஞ்சுல காத்துக்கிட்டிருக்கேன், உள்ளே பிள்ளைங்க பேசறது காதுல விழுது: இந்த கேஸை எழுதிக் குடுத்தாத்தான் பரீட்சை பாஸாம். கேஸுங்கறது நான்தானே! நான் தேறலைன்னா பொண்ணு பெயிலு. யாரு பெத்த பிள்ளையோ, என்னால கெட்டுப்போவணுமா? உள்ளே போனதும் அவுத்துவிட்டேன். "அம்மா, நேத்து துறைமங்கலம் வரைக்கும் பஸ்ஸுல போயிட்டு வந்துட்டேன்மா! ஜன்னலோர சீட்டு, ஜிலுஜிலுன்னு காத்து, பயமே இல்ல. பக்கத்துல ஒரு பெரியவரு வெள்ளரிப்பிஞ்சு குடுத்தாரு." வெள்ளரிப்பிஞ்சுல உப்பு கம்மிங்கற வரைக்கும் சொன்னேன். பொண்ணு எல்லாத்தையும் எழுதிக்கிட்டு மேடத்துகிட்டப் போச்சு. ரொம்ப நேரம் வரலை. வந்து நோட்டை மூடி வச்சுட்டு, மெதுவா, "சார், நேத்து பஸ்ஸே ஓடலை சார்"னுச்சு.

முந்தின நாள் இந்தச் சுத்துவட்டாரம் பூரா பஸ் ஸ்ட்ரைக். பொண்ணு அன்னிக்கே திருச்சியிலேர்ந்து அவங்கப்பாவோட சிமெண்டு லாரியில தொத்திக்கிட்டு வந்திருக்கு. பதினெட்டு வருஷம் கண்டக்டரா இருந்தவனுக்கு ஸ்ட்ரைக் நடந்தது தெரியலை! பஸ் ஸ்டாண்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்காதவனுக்கு எப்படித் தெரியும்?

"எனக்காகவா சார் சொன்னீங்க?"

"நீ பெயிலாயிடக் கூடாதேம்மா."

"நீங்க தேறினா எனக்கு மார்க்குன்னு இல்லீங்க சார். நீங்க சொல்றதை நான் ஒழுங்காக் கேக்கறேனான்னுதான் மேடம் பாக்கறாங்க. வெள்ளரிப்பிஞ்சை எட்டுப் பக்கம் எழுதிக் குடுத்தாத்தான் நான் பெயிலு."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே இருந்தவன், எங்கேர்ந்து வந்துச்சோ தெரியலை, அந்த நாலாவது காரணத்தைச் சொல்லிட்டேன். உங்களுக்கும் இப்பச் சொல்லிடறேன். போன ஜூலையில துறையூர் லைன்ல போறப்போ டிரைவர் தங்கராசுகிட்ட ஒரு கதை சொல்லிக்கிட்டு வந்தேன். பஸ்ஸே சிரிச்சுக்கிட்டிருக்கு. குரும்பலூர்ல ஒரு ஆத்தா எறங்குது. கதை முடியற எடத்துல சரியா விசில் ஊதினா இன்னும் சிரிப்பாங்களேன்னு, படியைத் திரும்பிப் பாக்காம ஊதிட்டேன். வண்டி நகந்துடுச்சு. ஆத்தா விழுந்து கை ஒடிஞ்சுபோச்சு. எல்லாரும் என்னைச் சமாதானம் பண்ணினாங்க, அந்தம்மாதான் அவசரப்பட்டு எறங்குச்சுன்னு. நானும் ஆமா ஆமான்னேன். அதுக்கப்புறம் விசிலை வாயில வைக்க முடியலை. பொறவு படியில கால் வைக்க முடியலை.

சொல்லிட்டு, "போய் மேடத்தைக் கேட்டுட்டு வாம்மா"ன்னேன். "இதுக்குக் கேக்க வேண்டாம் சார்"னுட்டு எந்திரிக்காம உக்காந்திருந்துச்சு.

அடுத்த வாரம் மேடத்தோட கலந்து பேசிட்டு வந்து கேட்டுச்சு: "அந்த அம்மாவைப் பாக்கணும்னு இருக்கா சார்?" குரும்பலூருக்குச் சைக்கிளை மிதிச்சேன். பேரு பொன்னாயி. வாசல்ல உக்காந்து கடலை உரிச்சுக்கிட்டிருந்துச்சு, அந்தக் கையாலயே.

"யாரு, விசிலூதுற கண்டக்டரா? எட்டு மாசம் கழிச்சு வர்றியே, குரும்பலூரு என்ன டில்லிக்கு அந்தாண்டையா இருக்கு?"

"பஸ் ஏறப் பயமா இருக்கு ஆத்தா."

"கை ஒடிஞ்சது எனக்கு. நானே பஸ்ஸேறிச் சந்தைக்குப் போவுறேன். ஒனக்கு என்னய்யா ஒடிஞ்சுது?"

மன்னிச்சுக்க ஆத்தான்னேன். "ஒன்னைத் திட்டாத நாளில்ல, இன்னமும் திட்டுவேன். அதுக்காவ நீ வூட்டுல குந்திக் கெடந்தா என் கை நேராயிடுமா?"ன்னுட்டு மடி நிறையக் கடலை அள்ளிப் போட்டுச்சு. மாப்பிள்ளை, எட்டு மாசத்துல எனக்குக் கிடைச்ச மொத நல்ல வார்த்தை அந்தத் திட்டுதான்.

இப்போ பொண்ணு எனக்கு ஏழு படி போட்டுக் குடுத்திருக்கு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேர்ந்து பஸ்ஸைப் பாக்கறது ஒண்ணாவது படி, தொட்டுப் பாக்கறது ரெண்டு, இப்படியே போவுது. நேத்து நாலாவது படி: நிக்கிற பஸ்ஸுல உக்காந்து எஞ்சினைப் போடச் சொல்றது. தங்கராசு வண்டியில நானும் ஜெயலட்சுமியும் உக்காந்தோம், மேடம் கீழே நின்னு பாத்துக்கிட்டாங்க. அதுக்குள்ள எந்தப் புண்ணியவானோ மலர்க்கொடிகிட்டப் போய், "ஒன் வூட்டுக்காரரு ஒரு பொண்ணோட ஓடாத பஸ்ஸுல உக்காந்திருக்காரு"ன்னு சொல்லிட்டான். தலையை முடியாம ஓடி வந்தா. பின்சீட்டுல உக்காந்து, "சரி, எஞ்சினைப் போடுங்க, நானும் பாக்கறேன்"னா. போட்டாங்க. காலு ரெண்டும் தனியா ஆடுது. "பயம் ஏறும் சார், ஏறினா எறங்கியே ஆவணும். நீங்க மட்டும் எறங்கிடாதீங்க"ன்னுச்சு பொண்ணு. அரை மணி நேரம் உக்காந்தேன் மாப்பிள்ளை. சத்தியமா எறங்குச்சு. மலர்க்கொடி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, தூசியாம், டிரைவரைத் திட்டினா.

ஆனா ஓடற பஸ் அஞ்சாவது படி, அது வர்ற புதன்கிழமைதான். அரியலூர் ஏழாவது படி. அவசரப்படுத்திக்க வேண்டாம்னு மேடம் சொல்லியிருக்காங்க. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் வருவதற்கு இல்லை. தங்கச்சியிடம் பக்குவமாகச் சொல்லவும். குழந்தை வீறிட்டு அழுதால் ராசாங்கத்தைத் தவளை மாதிரி கத்தச் சொல்லவும், நன்றாகவே கத்துவான். குழந்தை நூறு வயசு இருந்து, அதன் காது இரண்டும் நல்ல சேதியாகவே கேட்கக் கடவது.

இப்படிக்கு,
தாய்மாமன் கடமையில் தவறிய
தர்மன்

பின்குறிப்பு: 16-3-1985, சனி. மேலே எழுதியதில் மடி சம்பந்தப்பட்டதை எல்லாம் அடித்துவிடவும். நேற்று நான் போவதற்குள் தபால் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இனி போட்டால் காதுகுத்து முடிந்துதான் வந்து சேரும். இப்போது அரியலூர் லைனில் ஓட்டும் தங்கராசு கையில் இன்று கொடுத்தனுப்பலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போய், உங்கள் வீட்டு அடையாளம் சொல்ல மேலே ஏறினேன். "வெளங்குச்சு, எறங்கு, நேரமாச்சு"ன்னான். என்ன நினைச்சேன்னு தெரியலை, "நீ எடு"ன்னு உக்காந்துட்டேன். ஸ்டாஃபுன்னு சொல்லாம டிக்கெட்டும் வாங்கிட்டேன், காசு குடுத்துட்டா பாதியில எறங்க மனசு வராதில்ல. பேரளி வரைக்கும் காலு ஆடுச்சு. அதுக்கப்புறம் கவனிக்கலை, ஒவ்வொரு நிறுத்தத்துலயும் எறங்கறவங்க காலையே பாத்துக்கிட்டு வந்தேன். இதை அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் அரை மணியில் கடிதத்தை நானே உங்கள் கையில் தருவேன். படித்து முடிக்கிறவரை எதிரிலேயே நிற்பேன், சிரிக்கிற இடத்தில் சிரிக்கவும். நடுவில் ஒரு இடத்தில் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன், அதைக் கண்டுகொள்ளாமல் மேலே படிக்கவும்.