மாமனார் பிடித்த கேபிள்

கம்ப்யூட்டர் பெட்டி உள்ளறைக்குப் போய்விட்டது. அதோடு படமும் பாதி போய்விட்டது. கூடத்து டிவித் திரையில், வழுவழுவென்று தெரியவேண்டிய புதுவீட்டுப் படத்தின் சுவரில், யாரோ உப்பை வாரி இறைத்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள் மினுக் மினுக்கென்று துள்ளின.

"என்னங்க, சுவருக்கு அம்மை போட்டிருக்கு?" என்றாள் மனைவி.

"பெட்டி இரையுது, வீடு கட்டுற பார்ட்டி வர்றதுக்குள்ள உள்ள தள்ளுங்கன்னு உயிரை வாங்கினது யாரு?" என்றார் கணவர்.

தெருவில் அவருக்குப் பெயர் பிளான் மாப்பிள்ளை. புது வீடுகளுக்கு உள் அலங்காரம் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது தொழில். மாமனார் வீட்டில் தங்கியிருப்பது உபதொழில். இந்தப் பார்ட்டியும் கைநழுவினால் நாளை முதல் மாமனாரின் மெத்தைக் கடையில் உட்கார வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். மெத்தை என்றாலே பாவம், அவருக்குத் தூக்கம் போய்விடும்.

"பெட்டிக்கும் டிவிக்கும் நடுவுல கேபிள் நீளமானா சிக்னல் வழியிலேயே களைச்சுப் போயிடும் மாமா" என்று விளக்கினார்.

"அப்ப நடுவுல ஒரு நாற்காலி போடுங்க மாப்பிள்ளை."

"நாற்காலி இருக்கட்டும்ப்பா. கேபிள் வாசற்படிக்குக் குறுக்கே கிடக்கு. வர்றவங்க தடுக்கி விழுந்தா?" என்றாள் மனைவி.

அதுவும் நியாயம்தான். மாப்பிள்ளை இன்னொரு கேபிளை ஒட்டுப்போட்டு, சுவரோரமாக ஊர் சுற்றிக் கொண்டுவந்தார். இப்போது புள்ளிகள் இரட்டிப்பாகின. போதாததற்குத் திரை அவ்வப்போது இருண்டது. ஒட்டை அழுத்திப் பிடித்தால் மட்டும் படம் நின்றது. வேலைவெட்டியில்லாமல் நின்றவர் மாமனார் ஒருவர்தான். அவர் ஒட்டும் கையுமாக உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டார்.

அழைப்புமணி அடித்தது. பார்ட்டி தம்பதியாக வந்து உட்கார்ந்தது. கணவர் கலகல; மனைவி கப்சிப்.

"இதுதான் சார் உங்க ஹால்..." என்று மாப்பிள்ளை தொடங்க, உள்ளே ஒரு தும்மல். திரை இருண்டது.

"அசையாதீங்கன்னு சொன்னேனே!"

"தும்மல் உங்களைக் கேட்டுட்டா வரும்?" என்றது திரைச்சீலை.

படம் புள்ளிகளோடு திரும்பியது. "உள்ள யாரு சார்?" என்றார் வந்தவர்.

"அது... நம்ம டெக்னீஷியன்."

அந்த அம்மாள் கணவர் காதோரம் குனிந்து ஏதோ கிசுகிசுத்தாள். மாப்பிள்ளை ஓரக்கண்ணால் பார்த்தார். சிரிக்கிறார்கள்!

"யாருடா டெக்னீஷியன்? வீட்டுக்காரன்டா நான்!" மாமனார் வெளியே வந்தார். கேபிள் உள்ளேயே விழுந்தது. திரை செத்தது.

இனி மானமாவது மரியாதையாவது! மாப்பிள்ளை உள்ளே பாய்ந்து, பெட்டியைக் குழந்தையைப் போல் இடுப்பில் தூக்கிவந்து, டிவிக்கு அடியிலேயே வைத்து, முழ நீளக் கேபிளைச் சொருகினார். பெட்டி உறுமியது, மனைவி முறைத்தாள், படம் வந்தது. கண்ணாடி மாதிரி! ஒரு புள்ளி இல்லை. பால் பூசிவிட்டாற்போல் வெள்ளைச் சுவர்.

"இதுதான் சார் ஒரிஜினல்!" மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலும் முகம் மலர்ந்தது.

கணவர் மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த மினுமினுப்புச் சுவருக்காகவே வேலையை உங்களுக்குக் கொடுத்துடலாம்னு இப்பதான் இவர் காதுல சொன்னேன், இந்த வெறும் வெள்ளையைத்தான் எல்லாருமே காட்டுறாங்களே!"