நாலு பிளக்கும் ஒரு வாப்பாவும்

'ஒண்ணுதான்' ஆசாமியை உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. நீங்கள் ஒரு பொருளின் பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்குள், "அது என்னத்துக்கு? இது இருக்கே, ரெண்டும் ஒண்ணுதான்" என்று வேறொன்றை உங்கள் கையில் திணித்துவிடுவார். மிக்சி மூடி உடைந்தால் சோற்றுக் கோப்பை, மூக்குக்கண்ணாடியின் ஆணி விழுந்தால் ஊக்கு, டாக்டர் எழுதிய குளிசை கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் குடித்து மிச்சம் வைத்தது. கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனுக்குக் காசு மிச்சமானால் போதும். இவருக்கோ, ஊர் உலகம் அறியாத ஒரு இரகசியத்தை நான் மட்டும் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் வேண்டும்.

மாத்தளையில் இந்த இனத்துக்கு மூத்தவர் ஜிப்ரி முதலாளி. வாசனைத் திரவிய வியாபாரி. கறுவாவோடு மலிவான கசியாப் பட்டையைக் கலந்து கொண்டு வருகிறவனைக் கடைப்படியில் ஏறவிடமாட்டார். "ரெண்டும் ஒண்ணாடா? மூக்கு இல்லியா உனக்கு?" என்று தெருவே கேட்கக் கத்துவார். மாலையில் கடையைப் பூட்டும்போது அந்த மூக்கையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சும்மா கார் இல்லை, ரோட்டரி என்ஜின் கார். மற்றக் கார்களில் பிஸ்டன் மேலும் கீழுமாகப் போய்வரும். இதிலே முக்கோணமாக ஒரு ரோட்டர் உள்ளே சுற்றிச் சுற்றி வரும். ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நெருப்புப் பொறி கொடுக்கும் பிளக் இரண்டு, மொத்தம் நாலு. கீழே மாட்டுவது ஒரு ரகம், மேலே மாட்டுவது வேறொரு ரகம். 'ஒண்ணுதான்' ஆசாமிக்கு இதைவிடப் பொருத்தமில்லாத வாகனத்தைத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. தேடாமலே கண்டுபிடித்துவிட்டார், பாவம்.

அந்தக் காரில்தான் ஒரே மகள் நிப்லாவின் மாப்பிள்ளையைக் கலேவெலையிலிருந்து கூட்டிவர வேண்டும் என்பது அவர் ஆசை. நிக்காஹுக்கு ஒரு வாரம் இருக்கையில் கார் விக்கத் தொடங்கியது. கராஜ் முத்துவீரன் பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாலும் முடிஞ்சுபோச்சுங்க மொதலாளி. இதுக்குன்னு உள்ளதைக் கொழும்புலருந்துதான் எடுக்கணும். பத்து நாளாகும்."

"பத்து நாளா? நிக்காஹ் வெள்ளிக்கிழமை. சாதாரண பிளக் போடுங்க பாஸ். மரை ஒண்ணுதானே?"

"மரை ஒண்ணுதாங்க. ஆனா நுனி நீளம். ரோட்டர் சுத்துறப்போ இடிச்சிரும்."

"ரெண்டு வாஷர் போட்டுத் தூக்கிவிட்டா?"

முத்துவீரன் பெருமூச்சு விட்டார். "இடிக்காது. ஆனா நெருப்புச் சரியாப் பிடிக்காது. மெதுவாப் போனீங்கன்னா கரி அடைச்சு, பெட்ரோல் நனைஞ்சு நின்னுரும். நின்னா நின்னதுதான்."

"அதெல்லாம் விக்கிறவன் சொல்ற கதை. பிளக்னா நெருப்புப் பொறி. பொறி வந்தாச் சரி. எல்லாம் ஒண்ணுதான்."

தம்பி ஜைனுதீன் எதையும் புதுப் பெட்டியோடு வாங்குகிறவர், பெட்டியையும் வீசாமல் வைத்திருக்கிறவர். "நானா, என்ட காரைக் கொண்டு போங்களேன்" என்றார். ஜிப்ரிக்கு முகம் சுருங்கிவிட்டது. தம்பியின் காரில் தன் மருமகன் வருவதா? எல்லாம் ஒன்றுதான் என்கிறவருக்கு அந்தக் கார் மட்டும் ஏனோ ஒன்றாகத் தோன்றவில்லை, பாருங்கள்.

அந்தக் குடும்பத்து வழக்கப்படி மாப்பிள்ளையைக் கூட்டிவரப் பெண்ணின் மாமாவோ மச்சானோ போவார்கள். வாப்பா பள்ளிவாசலில் இருப்பார். அவர்தானே 'வலி', பெண்ணுக்குப் பொறுப்பாளர்? மணமகனின் கையைப் பிடித்து, மகளை ஒப்புக்கொடுக்க வேண்டியவர்.

"நீங்க பள்ளியில இருங்க. என்ட காக்காவை அனுப்புவோம்" என்றார் மனைவி ஜெஸீமா, தன் அண்ணனை நினைத்து.

"உன் காக்கா போனா என்ன, நான் போனா என்ன? ஒண்ணுதான்."

உண்மை என்னவென்றால், வாஷர் போட்ட காரை வேறு யார் கையிலும் கொடுக்க அவருக்கே பயம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கலேவெலையில் மாப்பிள்ளை றிஷாத் பக்கத்துச் சீட்டில் ஏறினார். பின்னால் ஒரு வேன் நிறைய மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். வீடியோக்காரர், "அங்கிள், ஸ்லோவா, இன்னும் ஸ்லோவா" என்றபடி முன்னால் மோட்டார் சைக்கிளில் போனார். சிவப்புக் கார் நத்தையாக ஊர்ந்தது. வஹகோட்டைத் தேவாலயத்தடியில் முதல் இருமல். "ஒண்ணுமில்ல மகன், புது பிளக், பழகுது" என்றார் ஜிப்ரி. பலாபத்வெலையில் ஒரு கரும்புகை விட்டு, இரண்டு தரம் குலுங்கி, கார் நின்றது. சாவியைத் திருப்பினார். திரும்பத் திரும்பத் திருப்பினார். பெட்ரோல் நாற்றந்தான் வந்தது.

வேனில் முன்சீட்டில் ஒருவருக்கு இடமிருந்தது. மாப்பிள்ளையை ஏற்றி அனுப்பினார். வீடியோக்காரரும் அவர் பின்னாலேயே போய்விட்டார். ஜிப்ரி பொனட்டைத் திறந்து ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கை இரண்டும் கரியானதுதான் மிச்சம். அப்போது போன் அடித்தது. நிப்லா.

"வாப்பா, எங்க நிக்கிறீங்க? இமாமுக்கு மஃரிப் தொழுகைக்கு முன்னால உக்குவளையில இன்னொரு நிக்காஹ் இருக்காம். போனிலயே நீங்க அனுமதி குடுத்தாப் போதுமாம். சாச்சா வலியா நிப்பாராம்."

"யாரு, ஜைனுதீனா?"

"ஓம் வாப்பா." மகளின் குரல் கம்மியது. அழுகிறாளா, கோபமா என்று அவருக்குத் தெரியவில்லை. "நீங்க நின்னா என்ன, சாச்சா நின்னா என்ன? ஒண்ணுதானே."

பிறந்த அன்று அவள் காதில் பாங்கு சொன்னவர் ஜிப்ரி. அன்றிலிருந்து இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தவர்.

"எப்படி மகள் ஒண்ணாகும்?" என்றார். "எப்படி ஒண்ணாகும்? அவன் சாச்சா. நான் வாப்பா."

"அப்ப கெதியா வாங்க வாப்பா. நான் சொல்லி நிப்பாட்டி வைக்கிறேன்."

அந்த நேரம் தெருவில் வந்த வாகனம் ஒன்றே ஒன்று. பாட்டுப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பேக்கரிப் பாண் விற்கிற முச்சக்கரவண்டி. ஜிப்ரி கையை விரித்து அதை மறித்தார். பின்னாலே பாண் பெட்டி, முன்னாலே சாரதிக்குப் பக்கத்தில் அரைச் சீட்டு. அதில் முக்கால்வாசி உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, ஷெர்வானியோடும் கரிக் கையோடும் மாத்தளை வரைக்கும் வந்தார். பாட்டை நிறுத்துகிற சுவிட்ச் பழுது. அதற்குப் பதிலாகச் சாரதி வேறொரு சுவிட்சைப் பொருத்தியிருந்தார், அதுவும் வேலை செய்யவில்லை. வழியெல்லாம் பெண்கள் பாண் வாங்க வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

பள்ளிவாசலில் ஜைனுதீன் வலியின் இடத்தில் உட்கார்ந்திருந்தார். வாசலில் பாண் பாட்டுக் கேட்டதும் சபை திரும்பிப் பார்த்தது. தம்பி எழுந்து இடத்தை விட்டார். ஜிப்ரி அவசரமாகக் கையைக் கழுவினார்; கரி போகவில்லை. அந்தக் கரிக் கையாலேயே மருமகனின் கையைப் பிடித்து மகளை ஒப்புக்கொடுத்தார். றிஷாத்தின் வெள்ளைச் சட்டைக் கைவிளிம்பில் ஐந்து விரலும் பதிந்தன. ஜிப்ரி கண்ணைத் துடைத்தபோது கன்னத்திலும் ஒட்டிக்கொண்டது. வீடியோவில் அதெல்லாம் தெளிவாக இருக்கிறது.

திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? திருந்தினார். திங்கட்கிழமை காலையிலேயே கராஜுக்குப் போனார்.

"முத்து பாஸ், நீங்க சொன்னதுதான் சரி. இந்தக் காருக்குண்டான பிளக்கையே கொழும்புலருந்து எடுங்க. வாஷரெல்லாம் வேணாம்."

"நல்லதுங்க மொதலாளி. கீழ போடுறது ரெண்டு, மேல போடுறது ரெண்டு, எழுதிக்கிறேன்."

ஜிப்ரி கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

"என்னத்துக்கு ரெண்டு ரகம்? கீழ போடுறதையே நாலா எடுங்களேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தச் சிரிப்போடு எழுந்து போய் உங்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ரிமோட்டில் பற்றரி மூடி இருக்கவேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது? பின்வாசல் கதவின் தாழ்ப்பாள் எது, பேனாவா, கரண்டியா? அதுகூடப் பரவாயில்லை. மகள் பள்ளிக்கூட மேடையில் பரிசு வாங்கிய அன்று உங்கள் இடத்தில் யாரை உட்காரவைத்தீர்கள்? போகிற அவசரத்தில் வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள்?