தோட்டா என்ன விலைங்க?

பெண் பார்க்கப் போகிற இடத்தில் எதைக் கண்டாலும் அதில் தனக்கு ஞானம் உண்டு என்று காட்டிக்கொள்கிற வியாதி ஆண்களுக்கு உண்டு. (பசுமாட்டைக் கண்டு அளந்து விட்டவர்கள் தப்பித்தார்கள்.) என் கெட்ட நேரம், நான் துப்பாக்கியைக் கண்டேன்.

கோத்தகிரியில் கோகிலாவின் வீடு. அவள் நீட்டிய காபியை வாங்கும்போதே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அவளுடைய அப்பாவுக்குத் தேயிலைத் தோட்டம் இரண்டு: பெரியது ஒன்று, சின்னது ஒன்று. காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸ் வாங்கிய குட்டைக் குழல் ரைஃபிள் சுவரில் தொங்கியது.

"குழல் குட்டைன்னா சுடறப்பத் தோள்ல உதைக்கற உதையும் கம்மிதானுங்க மாமா," என்றேன். கோயமுத்தூர் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். அதுவரை சுட்டது அப்பளம் மட்டும்.

"அப்படீங்களா தம்பி? வாங்க, ஒண்ணு சுட்டுப் பாருங்க."

வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைக் குறி பார்த்துச் சுட்டேன். குழல் குறைந்தால் துப்பாக்கியின் எடை குறையும், எடை குறைந்தால் உதை கூடும் என்பதை என் தோள்பட்டை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது. வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகத் தேயிலைச் செடிக்குள் கிடந்தேன். சத்தத்தில் எனக்கும் அவருக்கும் காது அடைத்துவிட்டது.

எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டு, விவரமானவன்போல் கேட்டேன்: "தோட்டா என்ன விலைங்க போகுது?"

அவர் முகம் மாறியது. "தோட்டம் விக்கறதுக்கு இல்லீங்க."

எனக்குக் காதில் 'ஙொய்' என்ற சத்தம்தான். ஏதோ விலை சொல்கிறார் என்று நினைத்தேன். பெரிய தோட்டாவுக்கு உதையும் விலையும் அதிகம் என்று முடிவெட்டுகிற கடைப் பத்திரிகையில் படித்தது நினைவுக்கு வந்து தொலைத்தது.

"பெருசு நமக்குக் கட்டுப்படி ஆகாதுங்க. சின்னதே போதும்," என்றேன், பெருந்தன்மையாக.

"நீங்க பொண்ணு பாக்க வரலீங்க. சொத்துப் பாக்க வந்திருக்கறீங்க," என்று கத்திவிட்டு அவர் உள்ளே நடந்தார். இது மட்டும் கேட்டது. கோகிலா கைவிட்டுப் போய்விட்டாள் என்று புரிந்தது. ஏன் என்றுதான் புரியவில்லை. வெட்கமில்லாமல் அழுகை வந்தது.

நான் சுட்டபோது அடுக்களை ஜன்னலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றதால், அங்கே காது ஒழுங்காகக் கேட்டது கோகிலாவுக்கு மட்டும்தான். ஓடிவந்து அப்பாவை மறித்து, அவர் காதருகே உரக்கச் சொன்னாள்: "அவுரு கேட்டது தோட்டமில்லீங்கப்பா. தோட்டா. குண்டு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையில் தேயிலை, கண்ணில் தண்ணீர். சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அன்றிலிருந்து அவரை மிகவும் பிடிக்கும்.

இன்றைக்கும் சொந்தபந்தத்தில் யாராவது, "மாமனார் ஊட்டுல மாப்பிள்ளைக்கு என்ன செஞ்சாங்க?" என்று கேட்டால், கோகிலா என்னை வாய் திறக்க விடுவதில்லை.

"சின்னதா ஒண்ணு போதும்னு கேட்டாருங்க. எங்கப்பாதான் மனசு கேக்காம, நல்ல உதையாப் பாத்துக் குடுத்தாரு."